இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன்! – பிணத்தை எழுப்பிய கதையும் பிணத்தை விற்ற வரலாறும்

சாப்பிட்டுக்கொண்டே படிக்கும் பழக்கம் உள்ளவர்கள் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு வரவும். இது பிணங்களைப் பற்றிய கட்டுரை. அதிலும் அவ்வப்போது சிரிப்பு வரவழைக்கும் பிணங்கள். சிரித்து முடித்த பிறகு கொஞ்சம் சங்கடமாக இருந்தால், அதற்கும் காரணம் இருக்கிறது.

அத்தியாயத்துக்கு 5 டாலர்

1922ஆம் ஆண்டு. அமெரிக்காவில் மதுவிலக்கு அமலில் இருந்த காலம். அந்த நேரத்தில் 'ஹோம் ப்ரூ', அதாவது 'வீட்டில் காய்ச்சியது' என்று குறும்பாகப் பெயர் வைத்துக்கொண்டு ஒரு நகைச்சுவைப் பத்திரிகை வெளிவந்தது. அதன் ஆசிரியர் ஜார்ஜ் ஜூலியன் ஹூட்டைன், பிராவிடன்ஸ் நகரில் இருந்த எச்.பி. லவ்கிராஃப்ட் என்ற எழுத்தாளரிடம் ஒரு திகில் தொடர்கதை கேட்டார். ஆறு அத்தியாயங்கள். ஒன்றுக்கு 5 டாலர். ஆக மொத்தம் 30 டாலர்.

பின்னாளில் உலகப் புகழ்பெற்ற லவ்கிராஃப்ட் அப்போது அதிகம் பேருக்குத் தெரியாதவர். காசு தேவைப்பட்டது. ஒப்புக்கொண்டார். ஆனால் எழுதிக்கொண்டிருக்கும்போதே நண்பர்களுக்குக் கடிதம் போட்டுப் புலம்பினார். ஒவ்வொரு மாதமும் கதையின் முடிவில் ஒரு அதிர்ச்சி இருக்க வேண்டும். அடுத்த மாதம் ஆரம்பத்தில் முன்கதைச் சுருக்கம் சொல்ல வேண்டும். டிவி சீரியல் மாதிரி! கலையாவது ஒன்றாவது என்று வெறுத்துப் போனார்.

வெறுத்துப் போனவர் என்ன செய்வார்? கிண்டலில் இறங்கினார். ரத்தத்தை வாளி வாளியாகக் கொட்டினார். அப்படிப் பிறந்ததுதான் 'ஹெர்பர்ட் வெஸ்ட் – ரீஅனிமேட்டர்'. இறந்தவர்களை எழுப்பும் மருத்துவரின் கதை. 1985இல் ஸ்டூவர்ட் கார்டன் இதைப் படமாக எடுத்தபோது, திகில் பட ரசிகர்கள் பயந்ததைவிடச் சிரித்ததுதான் அதிகம்.

"இன்னும் கொஞ்சம் ஃப்ரெஷ்ஷா இருந்திருந்தா..."

கதை சுருக்கமாக இதுதான். மிஸ்கடானிக் என்ற கற்பனைப் பல்கலைக்கழகத்தில் ஹெர்பர்ட் வெஸ்ட் மருத்துவ மாணவன். உயிர் என்பது ஒரு ரசாயன இயந்திரம், சரியான மருந்தை ஊசியில் ஏற்றினால் நின்றுபோன இயந்திரம் மறுபடி ஓடும் என்பது அவன் கட்சி. கல்லூரி அனுமதி தரவில்லை. எனவே ஒரு நண்பனைச் சேர்த்துக்கொண்டு திருட்டுத்தனமாக ஆராய்ச்சி.

முதல் பிணம், நீரில் மூழ்கிச் செத்த ஒரு தொழிலாளி. ஏழைகளைப் புதைக்கும் இடுகாட்டிலிருந்து தோண்டி எடுக்கிறார்கள். ஊசி போடுகிறார்கள். ஒன்றும் நடக்கவில்லை. அடுத்த அறைக்குப் போன பிறகு ஒரு அலறல்! இருவரும் ஜன்னல் வழியாகக் குதித்து ஓடுகிறார்கள். விளக்கு கவிழ்ந்து வீடே எரிந்துபோகிறது.

இரண்டாவது, இவனுக்கு அனுமதி மறுத்த டீன் ஆலன் ஹால்சி. டைபாய்டு பரவியபோது ஊருக்காக உழைத்து இறந்த நல்ல மனிதர். அவரையும் எழுப்புகிறான். எழுந்தவர் ஊரில் பலரைக் கொன்று, கடைசியில் பிடிபட்டு மனநோய் விடுதியில் அடைக்கப்படுகிறார். மூன்றாவது, ரகசிய குத்துச்சண்டையில் இறந்த ஒரு கறுப்பின வீரர். நான்காவது, வழிப்போக்கர் ஒருவர். ஐந்தாவது, முதல் உலகப் போரில் தலை துண்டான ராணுவ அதிகாரி. இங்கே தலை தனி, உடல் தனி. இரண்டும் எழுகின்றன! ஆறாவது அத்தியாயத்தில் எழுப்பப்பட்டவர்கள் எல்லாம் கூட்டமாக வந்து கணக்கைத் தீர்க்கிறார்கள்.

இந்தக் கதையில் சிரிப்பு எங்கே வருகிறது என்று பார்த்தால், வெஸ்ட்டின் குணத்தில்தான். எத்தனை பேர் செத்தாலும், எத்தனை வீடு எரிந்தாலும், அவனுக்கு ஒரே கவலை: பிணம் போதுமான அளவு ஃப்ரெஷ்ஷாக இல்லை! மீன் மார்க்கெட்டில் செவுளைத் தூக்கிப் பார்க்கிற வாடிக்கையாளர் மாதிரி ஒவ்வொரு முறையும் இதே புகார். மருந்தில் குறை இருக்குமோ, கொள்கையில் தப்போ என்று அவனுக்குத் தோன்றுவதே இல்லை. சரக்குதான் சரியில்லை.

புகார் சொல்லிச் சொல்லி, நான்காவது அத்தியாயத்தில் மிகவும் ஃப்ரெஷ்ஷான பிணம் ஒன்று அவனுக்குக் கிடைக்கிறது. வந்த வழியில் மாரடைப்பில் போய்விட்டார் என்று நண்பனிடம் சொல்கிறான். ஊசி போட்டதும் அந்த மனிதர் எழுந்து கத்துகிறார். அந்தக் கத்தலில்தான் அவரைக் கொன்றதே வெஸ்ட்தான் என்று நண்பனுக்குத் தெரிகிறது.

லவ்கிராஃப்ட் எங்கிருந்து இப்படி யோசித்தார் என்று ஆச்சரியப்பட வேண்டியதில்லை. இந்தக் கதையின் ஒவ்வொரு படியும், ஊசி மருந்து தவிர, அதற்கு முன்பே நடந்து முடிந்த விஷயம்தான்.

நிஜமாகவே எழுப்பிப் பார்த்தவர்கள்

முதலில் எழுப்பும் வேலை. 1767இல் ஆம்ஸ்டர்டாமிலும், 1774இல் லண்டனிலும் நீரில் மூழ்கியவர்களைக் காப்பாற்றச் சங்கங்கள் தோன்றின. லண்டன் சங்கம்தான் பிறகு ராயல் ஹியூமேன் சொசைட்டி ஆனது. மூச்சு நின்றவரை உடனே பிணம் என்று முடிவு கட்டாதீர்கள், முயற்சி செய்யுங்கள் என்பது அவர்கள் பிரசாரம். நல்ல விஷயம்தான். முறைதான் விசித்திரம். உடம்பைச் சூடாக்குவது, வாயில் காற்று ஊதுவது இவற்றோடு, துருத்தி வைத்துப் புகையிலைப் புகையை ஆசனவாய் வழியாகச் செலுத்துவதும் அன்றைய சிகிச்சை. இதை லவ்கிராஃப்ட் எழுதியிருந்தால் ஓவர் என்று சொல்லியிருப்பார்கள்! முயற்சி செய்தவர்களுக்குப் பரிசுப் பணமும் உண்டு.

இந்த முயற்சிகளால் பிழைத்தவர்கள் உண்டு. 1795இல் மனம் உடைந்து தேம்ஸ் நதியில் குதித்த எழுத்தாளர் மேரி வோல்ஸ்டன்கிராஃப்ட்டும் மயங்கிய நிலையில் தூக்கப்பட்டுப் பிழைக்க வைக்கப்பட்டவர். இரண்டு வருடம் கழித்து, 1797இல், அவருக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. அந்தக் குழந்தைதான் 1818இல் 'ஃபிராங்கன்ஸ்டைன்' எழுதிய மேரி ஷெல்லி. இறந்தவர்களை எழுப்பும் கதைகளுக்கெல்லாம் தாய் என்று சொல்லப்படும் நாவலை எழுதியவரே, தாயைத் தண்ணீரிலிருந்து மீட்டதால் பிறந்தவர்!

அடுத்து மின்சாரம். இத்தாலியின் லூயிஜி கால்வானி, செத்த தவளையின் கால் மின்சாரம் பட்டால் துடிப்பதை ஆராய்ந்து 1791இல் வெளியிட்டார். அவருடைய சகோதரி மகன் ஜியோவானி ஆல்டினி தவளையோடு நிற்கவில்லை. 1803 ஜனவரியில் லண்டனில், தூக்கிலிடப்பட்ட ஜார்ஜ் ஃபாஸ்டர் என்பவரின் உடலில் மின்சாரம் பாய்ச்சிக் காட்டினார். தாடை துடித்தது. ஒரு கண் திறந்தது. வலது கை மேலே எழுந்து முஷ்டி மடக்கியது. பார்த்துக்கொண்டிருந்த பாஸ் என்ற ஊழியர் வீட்டுக்குப் போய்ப் பயத்திலேயே இறந்துவிட்டார் என்று அந்தக் காலக் குறிப்பு சொல்கிறது. ஆக அன்றைய வரவு செலவுக் கணக்கு: எழுந்தவர் பூஜ்யம், போனவர் ஒன்று.

1818 நவம்பரில் கிளாஸ்கோவில் ஆண்ட்ரூ யூர் என்ற விஞ்ஞானியும் மாத்யூ கிளைட்ஸ்டேல் என்ற தூக்குக் கைதியின் உடலில் இதே சோதனையைச் செய்தார். பிணத்தின் முகத்தில் கோபம், பயம், சிரிப்பு என்று மாறி மாறித் தோன்றியதாக அவரே எழுதினார். பார்த்தவர்களில் ஒருவர் மயங்கி விழுந்தார், சிலர் எழுந்து ஓடினார்கள்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். மேடையில் கிடந்தவர்கள் யார்? தூக்கில் தொங்கியவர்கள். 1752இல் இங்கிலாந்தில் நடைமுறைக்கு வந்த கொலைச் சட்டம், கொலையாளியின் உடலைப் புதைக்கக் கூடாது, அறுத்துப் பார்க்க மருத்துவர்களிடம் கொடுக்கலாம் என்றது. படிப்புக்காக அல்ல, கூடுதல் தண்டனையாக! மருத்துவர் மேஜைக்குப் போவது சாவைவிடப் பெரிய அவமானம் என்று சட்டமே மக்களுக்குச் சொல்லிக் கொடுத்தது. இதை மனதில் வைத்துக்கொள்ளவும்.

டிமாண்ட், சப்ளை

மருத்துவக் கல்லூரிகள் பெருகின. ஒவ்வொரு மாணவனும் உடலை அறுத்துப் படிக்க வேண்டும். ஆனால் சட்டப்படி கிடைத்தது தூக்குக் கைதிகளின் உடல்கள் மட்டும். அது யானைப் பசிக்குச் சோளப்பொரி. தேவை அதிகம், வரத்து குறைவு. அப்புறம் என்ன நடக்கும் என்று பொருளாதாரப் பாடத்தின் முதல் அத்தியாயம் படித்தவர்களுக்கே தெரியும். கறுப்புச் சந்தை!

இரவில் இடுகாட்டுக்குப் போய்ப் புதுக் குழியைத் தோண்டிப் பிணத்தை எடுத்துக் கல்லூரிக்கு விற்கும் கூட்டங்கள் உருவாயின. மக்கள் அவர்களுக்கு வைத்த பெயர்தான் அருமை: 'ரிசரக்‌ஷன் மென்'. அதாவது, உயிர்த்தெழ வைப்பவர்கள்! ஆல்டினியால் முடியாததை இவர்கள் மண்வெட்டியால் செய்தார்கள். பிணம் எழுந்தது, கல்லறையிலிருந்து மட்டும்.

தொழில் நுணுக்கமும் இருந்தது. முழுக் குழியையும் தோண்ட மாட்டார்கள். தலைப்பக்கம் மட்டும் தோண்டி, பெட்டியின் மூடியை உடைத்து, கயிறு கட்டி வெளியே இழுப்பார்கள். சத்தம் வராமல் இருக்க மர மண்வெட்டி. இழுத்த பிறகு சவத்துணியைக் கழற்றிக் குழியிலேயே போட்டுவிடுவார்கள். ஏன் இந்த நேர்மை? சட்டப்படி பிணம் யாருடைய சொத்தும் இல்லை. சொத்து இல்லாததை எடுத்தால் அது திருட்டும் இல்லை, சிறு குற்றம்தான். ஆனால் துணி சொத்து. துணியை எடுத்தால் கடும் தண்டனை. அதாவது, அப்பாவை எடுத்துக்கொண்டு போனால் லேசான சிறை, அப்பாவின் மேல் போர்த்திய துணியை எடுத்தால் பெரிய திருட்டு!

விலையும் நிர்ணயம் ஆகியிருந்தது. பெரியவர்களுக்கு ஒரு விலை. குழந்தைகளின் உடல்களுக்கு அங்குலக் கணக்கில் விலை. இந்த வரியில் சிரிப்பு நின்றுவிடுகிறது.

வசதி உள்ளவர்கள் தற்காத்துக்கொண்டார்கள். கல்லறை மேல் இரும்புக் கூண்டு போட்டார்கள். இரவில் காவலுக்கு ஆள் வைத்தார்கள். 1818இல் எட்வர்ட் பிரிட்ஜ்மன் என்பவர் உடைக்க முடியாத இரும்புச் சவப்பெட்டிக்குக் காப்புரிமையே வாங்கி விற்றார். ஸ்காட்லாந்தின் பழைய இடுகாடுகளில் அந்தக் கூண்டுகளையும் காவல் கோபுரங்களையும் இன்றும் பார்க்கலாம். கூண்டு போடக் காசு இல்லாதவர்கள்தான் கல்லூரிக்குப் போய்ச் சேர்ந்தார்கள். வெஸ்ட் முதல் பிணத்தை ஏழைகள் இடுகாட்டில் எடுத்தது தற்செயல் இல்லை.

ஃப்ரெஷ் சரக்கு

இனி எடின்பரோ. 1827 நவம்பரில், வில்லியம் ஹேர் நடத்திய மலிவு விடுதியில் டொனால்ட் என்ற முன்னாள் படைவீரர் நோயால் இறந்தார். வாடகை பாக்கி 4 பவுன். கடனை எப்படி வசூலிப்பது? ஹேரும் அவர் நண்பர் வில்லியம் பர்க்கும் சவப்பெட்டியில் வேறு எதையோ நிரப்பி அடக்கம் செய்ய அனுப்பிவிட்டு, உடலை டாக்டர் ராபர்ட் நாக்ஸின் உடற்கூறுப் பள்ளிக்குக் கொண்டுபோனார்கள். கிடைத்தது 7 பவுன் 10 ஷில்லிங். வாராக்கடன் வட்டியோடு வசூல்!

யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பார்கள். அந்த விடுதியில் தங்கிய மனிதர்களுக்கு இருக்கும்போது மதிப்பே இல்லை. இறந்தால்தான் 10 பவுன். இந்தக் கணக்கு புரிந்த பிறகு பர்க்கும் ஹேரும் யாராவது இறக்கட்டும் என்று காத்திருக்கவில்லை. அடுத்த ஒரு வருடத்துக்குள் 16 பேரைக் கொன்றார்கள். சாராயம் வாங்கிக் கொடுத்து, மயங்கியதும் மூச்சை அடைத்துக் கொலை. காயம் இல்லை, தடயம் இல்லை. உடல்கள் எல்லாம் வெகு புதியவை. நாக்ஸின் பள்ளி எந்தக் கேள்வியும் கேட்காமல் பணம் கொடுத்தது. குளிர்காலத்தில் 10 பவுன், வெயில் காலத்தில் 8 பவுன். கெட்டுப்போகும் சரக்குக்கு சீசன் விலை.

மேரி பேட்டர்சன் என்ற இளம்பெண்ணின் உடல் வந்தபோது அவரை அடையாளம் தெரிந்த மாணவர்கள் இருந்தார்கள். பிறகு தெருவில் எல்லோருக்கும் பழக்கமான, மனவளர்ச்சி குறைந்த ஜேமி வில்சன் மேஜைக்கு வந்தார். மாணவர்கள் "இது நம்ம ஜேமி!" என்று அடையாளம் கண்டார்கள். நாக்ஸ் இல்லை என்று மறுத்து, அறுவையைச் சீக்கிரம் தொடங்கச் சொன்னார்.

கடைசியாக 1828 அக்டோபர் 31 அன்று மார்கரெட் டோச்சர்டி என்ற பெண். அவர் உடலை வைக்கோலுக்கு அடியில் வேறு இரண்டு விருந்தாளிகள் பார்த்துவிட, விஷயம் போலீசுக்குப் போனது. ஹேர் அப்ரூவராக மாறித் தப்பித்தார். பர்க் 1829 ஜனவரி 28 அன்று தூக்கிலிடப்பட்டார். சட்டப்படி அவர் உடலும் மேஜைக்குத்தான் போனது. ஆயிரக்கணக்கானோர் வரிசையில் நின்று பார்த்தார்கள். பர்க்கின் எலும்புக்கூடு எடின்பரோ பல்கலைக்கழக அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சரக்கு வாங்கிய டாக்டர் நாக்ஸ் மேல் வழக்கே இல்லை.

வெஸ்ட்டின் நான்காவது அத்தியாயத்தை இப்போது மறுபடி நினைத்துப் பார்க்கவும். முதலில் இடுகாடு. பிறகு ஃப்ரெஷ் இல்லை என்ற புகார். பிறகு கொலை. லவ்கிராஃப்ட் எழுதியது நகைச்சுவை என்றால், அந்த நகைச்சுவையை எடின்பரோ 94 வருடம் முன்பே நடத்திக் காட்டிவிட்டது.

லண்டனில் இன்னொரு திருப்பம். 1831 நவம்பரில் ஜான் பிஷப், தாமஸ் வில்லியம்ஸ் என்ற இருவரின் கும்பல் ஒரு சிறுவனின் உடலைக் கிங்ஸ் கல்லூரிக்குக் கொண்டுவந்தது. 12 கினி கேட்டு, பேரம் பேசி 9 கினிக்கு முடிந்தது. ஆனால் அந்த உடல் அளவுக்கு மீறிப் புதிதாக இருந்தது. புதைத்த அடையாளமே இல்லை. கல்லூரியின் ரிச்சர்ட் பார்ட்ரிஜ், "கையில் 50 பவுன் நோட்டுதான் இருக்கிறது, சில்லறை மாற்றி வருகிறேன்" என்று சொல்லி உட்கார வைத்துவிட்டுப் போலீசை அழைத்தார். உலக வரலாற்றில் சில்லறை இல்லை என்ற பொய் இவ்வளவு நல்ல காரியத்துக்கு வேறு எப்போதும் பயன்பட்டிருக்காது. டிசம்பரில் இருவரும் தூக்கிலிடப்பட்டார்கள்.

நாக்ஸும் பார்ட்ரிஜும் ஒரே படிப்பு, ஒரே தொழில், ஒரே தேவை. ஒருவர் ஃப்ரெஷ் என்று மகிழ்ந்தார். இன்னொருவர் ஏன் இவ்வளவு ஃப்ரெஷ் என்று கேட்டார். வித்தியாசம் அந்த ஒரு கேள்விதான்.

அடிமைகளின் கல்லறை

அட்லாண்டிக்கைத் தாண்டினாலும் கதை அதேதான். 1788 பிப்ரவரியில் நியூயார்க் நகரின் கறுப்பின மக்கள், அடிமைகளும் விடுதலை பெற்றவர்களும் சேர்ந்து, நகர நிர்வாகத்துக்கு மனு கொடுத்தார்கள். மருத்துவ மாணவர்கள் இரவில் வந்து எங்கள் உறவினர்களின் உடல்களைத் தோண்டி எடுக்கிறார்கள், தடுத்து நிறுத்துங்கள் என்று. யாரும் கண்டுகொள்ளவில்லை. வெள்ளையர் இடுகாட்டிலும் கைவைத்தது தெரிய வந்த பிறகுதான் ஏப்ரலில் ஊரே பொங்கியது. மருத்துவமனை சூறையாடப்பட்டது. மருத்துவர்கள் பாதுகாப்புக்காகச் சிறைக்குள் ஒளிந்துகொண்டார்கள். கூட்டத்தைச் சமாதானப்படுத்தப் போன ஜான் ஜே, பின்னாளில் அமெரிக்காவின் முதல் தலைமை நீதிபதி ஆனவர், தலையில் கல்லடி வாங்கித் திரும்பினார்.

1852இல் ஜார்ஜியா மருத்துவக் கல்லூரி இன்னும் ஒரு படி மேலே போனது. கிராண்டிசன் ஹாரிஸ் என்ற அடிமையை 700 டாலருக்கு விலைக்கு வாங்கியது. வேலை? அகஸ்டா நகரின் கறுப்பின மக்கள் இடுகாட்டிலிருந்து உடல்களைக் கொண்டு வருவது. இறப்புச் செய்திகளைப் படிப்பதற்காக அவருக்கு எழுதப் படிக்கவும் கற்றுக் கொடுத்தார்கள். அடிமைகளுக்கு எழுத்தறிவு கொடுப்பது சட்டப்படி குற்றமாக இருந்த மாநிலத்தில், ஒரு அடிமைக்குக் கல்வி கிடைத்தது இந்தக் காரணத்துக்காக! உயிரோடு இருக்கும் மனிதரையும் வாங்கினார்கள், அவரை வைத்து அவர் இனத்தின் இறந்தவர்களையும் எடுத்தார்கள். 1989இல் அந்தக் கல்லூரியின் பழைய கட்டடத்தைப் புதுப்பித்தபோது, தரைக்கு அடியில் ஆயிரக்கணக்கான மனித எலும்புகள் கிடைத்தன. பெரும்பாலானவை கறுப்பின மக்களுடையவை. 1998இல் அவை மறுபடி அடக்கம் செய்யப்பட்டன.

இந்தப் பின்னணியோடு லவ்கிராஃப்ட் கதையின் மூன்றாவது அத்தியாயத்தைப் படித்தால் சிரிப்பு வராது. அந்தக் குத்துச்சண்டை வீரரை அவர் வர்ணித்த விதம் அப்பட்டமான இனவெறி. மனிதராகவே எழுதவில்லை. மருந்து அவரிடம் வேலை செய்யாததற்கே நிறத்தைக் காரணம் காட்டுகிறது கதை. ஏழைகளின் உடல் என்றால் யாரும் கேட்க மாட்டார்கள் என்பது வெஸ்ட்டின் நம்பிக்கை. இந்த மனிதரைப் பற்றி வாசகரும் கேட்க மாட்டார் என்பது லவ்கிராஃப்ட்டின் நம்பிக்கை. கதாபாத்திரத்தைக் கிண்டல் செய்த எழுத்தாளர் இந்த இடத்தில் கதாபாத்திரத்தோடு சேர்ந்துவிடுகிறார். அந்த அத்தியாயத்தை மன்னிக்க முடியாது.

பெரிய இடத்துக்கு வந்தால்தான் சட்டம் விழிக்கும் என்பதற்கு இன்னொரு சாட்சி. 1878 மே மாதம் ஓஹையோவில் ஜான் ஸ்காட் ஹாரிசன் இறந்தார். அமெரிக்க ஜனாதிபதி ஒருவரின் மகன். அடக்கத்தன்று, பக்கத்தில் வேறொருவரின் கல்லறை காலியாக இருப்பதைக் குடும்பத்தினர் பார்த்தார்கள். மறுநாள் மகன் ஒருவர் அந்த உடலைத் தேடிச் சின்சினாட்டி மருத்துவக் கல்லூரிக்குப் போனார். அங்கே கயிற்றில் ஒரு உடல் தொங்கிக்கொண்டிருந்தது. முகத்துணியை விலக்கினால்... அவருடைய சொந்த அப்பா! முந்தைய நாள்தான் புதைத்திருந்தார்கள். நாடே அதிர்ந்தது. மாநிலங்கள் அவசரமாகச் சட்டங்களை மாற்றின. இந்த ஹாரிசனின் இன்னொரு மகன் பெஞ்சமின் 1889இல் ஜனாதிபதி ஆனார்.

ஒரு சட்டமும் ஒரு உயிலும்

பர்க், பிஷப் கொலைகளுக்குப் பிறகு பிரிட்டன் 1832இல் உடற்கூறு சட்டம் கொண்டுவந்தது. பிணத் திருட்டு ஒழிந்தது உண்மை. எப்படி ஒழிந்தது? ஏழை விடுதிகளிலும் மருத்துவமனைகளிலும் இறந்து, உரிமை கோர ஆள் இல்லாதவர்களின் உடல்களைக் கல்லூரிக்குக் கொடுக்கலாம் என்றது சட்டம். சப்ளை பிரச்சினை தீர்ந்தது, விலையும் விழுந்தது. ஆனால் அதுவரை கொலையாளிக்குத் தண்டனையாக இருந்தது, இப்போது ஏழையாக இறந்ததற்குத் தண்டனை ஆனது. 'உரிமை கோர ஆள் இல்லை' என்பதற்குப் பல சமயம் 'அடக்கம் செய்யக் காசு இல்லை' என்றுதான் அர்த்தம். இந்த ஏற்பாடு இந்தியாவுக்கும் வந்தது. 1949ஆம் ஆண்டின் பம்பாய் உடற்கூறு சட்டம் உட்பட மாநிலச் சட்டங்கள் உரிமை கோரப்படாத உடல்களை நம்பியே எழுதப்பட்டன. மேல்நாட்டு மருத்துவ மாணவர்கள் படித்த எலும்புக்கூடுகளில் பெரும்பங்கு கல்கத்தாவிலிருந்து ஏற்றுமதி ஆனவை. 1985இல்தான் இந்திய அரசு அந்த ஏற்றுமதிக்குத் தடை போட்டது.

அதே 1832இல் வேறொரு காரியமும் நடந்தது. ஜூன் 6 அன்று தத்துவவாதி ஜெரமி பெந்தம் இறந்தார். தன் உடலை நண்பர்கள் முன்னிலையில் அறுத்துப் பாடம் நடத்த வேண்டும் என்று அவரே உயிலில் எழுதியிருந்தார். அப்படியே நடந்தது. அவர் எலும்புக்கூட்டுக்கு உடை போட்டு நாற்காலியில் உட்கார வைத்தது இன்றும் லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரியில் இருக்கிறது. பார்க்கக் கொஞ்சம் கோமாளித்தனமாகத்தான் இருக்கும். ஆனால் அவரைப் பார்த்துச் சிரிப்பதில் குற்ற உணர்ச்சி இல்லை. ஏனென்றால் அவர் சம்மதம் சொன்னவர்.

இதற்கு நேர் எதிர் சார்லஸ் பர்ன். ஏழரை அடிக்கும் மேல் உயரம் வளர்ந்த அயர்லாந்துக்காரர். இறந்த பிறகு அறுவை மேஜைக்குப் போகக் கூடாது என்று தன் உடலைக் கடலில் அடக்கம் செய்யச் சொல்லி வைத்திருந்தார். 1783இல் அவர் இறந்ததும் ஜான் ஹன்டர் என்ற புகழ்பெற்ற அறுவை மருத்துவர் லஞ்சம் கொடுத்து உடலை எடுத்துக்கொண்டார். இருநூறு வருடத்துக்கும் மேலாக அந்த எலும்புக்கூடு லண்டன் ஹன்டேரியன் அருங்காட்சியகத்தில் காட்சிக்கு நின்றது. இனி காட்சிக்கு வைக்க மாட்டோம் என்று அவர்கள் அறிவித்தது 2023 ஜனவரியில். 'வேண்டாம்' என்ற ஒரு வார்த்தை காதில் விழ 240 வருடம் ஆகியிருக்கிறது.

யார் கேட்டது?

இறந்தவர்களை எழுப்பும் ஆசை தப்பா? இல்லவே இல்லை. அந்த ஆசைதான் 1960இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவர்கள் வெளியிட்ட நெஞ்சை அழுத்தும் முதலுதவியாக வந்து நின்றது. நின்றுபோன இதயங்கள் அதனால் மறுபடி துடிக்கின்றன. வெஸ்ட் சொன்ன 'நின்ற இயந்திரம் ஓடும்' என்ற வாதத்தில் கொஞ்சம் உண்மை இருந்திருக்கிறது!

2019இல் யேல் பல்கலைக்கழக விஞ்ஞானிகள், இறைச்சிக்காக வெட்டப்பட்ட பன்றிகளின் மூளைகளை நான்கு மணி நேரம் கழித்து ஒரு கருவியில் இணைத்து, செல்களின் சில வேலைகளை மீண்டும் நடக்க வைத்தார்கள். ஆனால் நினைவு திரும்பிவிடக் கூடாது என்பதற்காக நரம்புச் செயல்பாட்டைத் தடுக்கும் மருந்தைக் கலந்தார்கள். அப்படியும் நினைவுக்கான அறிகுறி தெரிந்தால் உடனே நிறுத்த மயக்க மருந்தும் தயாராக இருந்தது. எழுப்ப முடியுமா என்று கேட்டவர்கள், எழுந்தால் அதற்கு வலிக்குமா என்றும் கேட்டார்கள். ஹெர்பர்ட் வெஸ்ட் ஆறு அத்தியாயத்திலும் கேட்காத கேள்வி இது.

லவ்கிராஃப்ட் இந்தக் கதையைக் கடைசிவரை மதிக்கவில்லை. 30 டாலருக்குச் செய்த கூலி வேலை என்றுதான் நினைத்தார். ஆனால் கூலி வேலையில்கூட ஒரு உண்மை தப்பி வந்துவிட்டது. கடைசி அத்தியாயத்தில் வெஸ்ட்டைத் தேடி வருபவர்களுக்கு அவன் ஆராய்ச்சி பற்றியோ அறிவியலின் வளர்ச்சி பற்றியோ எந்த அபிப்பிராயமும் இல்லை. தோண்டப்பட்டவர்கள், விற்கப்பட்டவர்கள், புதுசாக வேண்டும் என்பதற்காகக் கொல்லப்பட்டவர்கள் எல்லாம் சுவரை உடைத்துக்கொண்டு வருகிறார்கள். அவர்களில் ஒருவரிடம்கூட யாரும் அனுமதி கேட்டதில்லை.

நிஜத்தில் அப்படி யாரும் எழுந்து வரவில்லை. டொனால்டும் மேரியும் ஜேமியும் அகஸ்டாவின் பெயர் தெரியாத மனிதர்களும் மேஜையில் அமைதியாகத்தான் கிடந்தார்கள். அவர்களை அறுத்துப் படித்த படிப்பில்தான் இன்றைய அறுவை சிகிச்சைகள் நிற்கின்றன. இன்று எத்தனையோ பேர் தங்கள் உடலைத் தானமாகத் தருவதாகத் தாங்களே கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறார்கள். மருத்துவக் கல்லூரி மாணவர்கள் அந்த உடல்கள் முன்னால் ஒரு நிமிடம் மவுனமாக நின்று நன்றி சொல்லிவிட்டுத்தான் கத்தியைத் தொடுகிறார்கள். பல கல்லூரிகளில் இந்த வழக்கம் உண்டு. அந்த ஒரு நிமிடத்தில் கொஞ்சம், கையெழுத்துப் போடாத அந்தப் பழைய ஆட்களுக்கும் சேர வேண்டும்.

சரி, இப்போது தட்டை எடுத்துக்கொள்ளலாம்.